தூண்டிலுக்கு வாய் திறவாத மீன்

வட அமெரிக்காவின் வரைபடத்தை விரித்து, கனடா எல்லையை ஒட்டிக் கண்ணோட்டினால் மோன்டானா என்னும் பரந்த மாநிலம் தென்படும். அதன் மேற்குப் பாதி பனி மூடிய மலைகளால் ஆனது. உல்லாசப் பயணிகள் திரள் திரளாகச் செல்வது அந்தப் பக்கந்தான். கிழக்குப் பாதியை நாடிச் செல்வோர் குறைவு. கோதுமை வயல்கள், மாட்டுப் பண்ணைகள், மழையும் காற்றும் அரித்து வரிவரியாக்கிய களிமண் குன்றுகள் ஆகியவையே அங்குள்ள காட்சிகள். அந்தக் கிழக்கு ஓரத்தில், யெல்லோஸ்டோன் ஆற்றின் கரையில், கிளெண்டைவ் என்றொரு சிற்றூர் உள்ளது. 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி அங்கே ஐயாயிரம் பேர்கூட இல்லை.

ஆண்டில் பெரும்பகுதி அமைதியில் ஆழ்ந்து கிடக்கும் இந்த ஊர், மே மாதம் நடுப்பகுதியை எட்டியதும் விழித்துக்கொள்கிறது. தொலைவிலிருந்து வண்டிகள் வந்து குவிகின்றன. தந்தையரும் பிள்ளைகளும், முதியவர்களும் பெண்களும் நீண்ட கழிகளைச் சுமந்து ஆற்றங்கரைக்கு இறங்குகின்றனர். அவர்கள் அனைவரும் தேடி வருவது ஒரே ஒரு மீனை. அந்த மீன் எந்த இரைக்கும் வாய் திறவாது. அதைப் பிடிக்கும் முறையும் பகிர்ந்துகொள்ளும் முறையும், அதற்காக வகுக்கப்பட்ட கட்டுப்பாடும் நம் வாசக நேயர்கள் அறிந்துகொள்ளத் தக்கவை.

ஆறும் அணையும்

யெல்லோஸ்டோன் ஆறு வயோமிங் மாநிலத்து மலைகளில் பிறந்து, ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் ஓடி, வட டகோட்டா மாநிலத்துக்குள் நுழைந்ததும் மிசௌரி ஆற்றில் கலக்கிறது. அமெரிக்காவின் பேராறுகளில் பல பெரும் நீர்த்தேக்கங்களாக மாற்றப்பட்டுவிட்ட காலத்தில், அவ்வகைப் பேரணை எதுவும் குறுக்கிடாமல் இத்தனை தொலைவு ஓடும் ஆறு இது. ஆகவே வசந்தகாலத்தில் மலைப்பனி உருகும்போது இயற்கையான வெள்ளம் இன்றும் இதில் பெருக்கெடுக்கிறது. நாம் பேசப்போகும் மீனுக்கு உயிர் அந்த வெள்ளமே.

பேரணை இல்லையே தவிர, தாழ்வான தடுப்பணைகள் உண்டு. கிளெண்டைவிலிருந்து வடகிழக்கே சுமார் 27 கிலோமீட்டர் சென்றால் இன்ட்டேக் என்னும் இடம் வரும். நீரை உள்வாங்கும் இடம் என்பதே அந்தப் பெயரின் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாசன வாய்க்காலுக்கு நீரைத் திருப்புவதற்காக மரச்சட்டங்களும் பாறைகளும் கொண்டு இங்கே ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார்கள். அந்த வாய்க்கால் நீரால் சர்க்கரைக் கிழங்கும் தானியமும் விளைகின்றன. உழவருக்கு வாழ்வளித்த அந்தத் தடுப்பணை, முட்டையிடுவதற்காக ஆற்றை எதிர்த்து ஏறிவரும் மீன்களுக்கு முட்டுக்கட்டையாயிற்று. ஏற முடியாத மீன்கள் அணையின் அடியில் தேங்கி நின்றன. தேங்கிய இடத்தில் மனிதன் தூண்டிலோடு வந்து நின்றான்.

கரண்டி மூக்கு

பேடில்ஃபிஷ் என்பது இந்த மீனின் பெயர். துடுப்பு மீன் என்று நாம் சொல்லலாம். மக்கள் வழக்கில் ‘ஸ்பூன்பில்’, அதாவது கரண்டி மூக்கு என்றும் அழைப்பார்கள். முகத்தின் முன்னே படகோட்டியின் துடுப்பைப் போல் தட்டையாக நீண்ட ஒரு மூக்கு. மீனின் மொத்த நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதுவே. உடலில் செதில் மிக அரிது. வழவழப்பான சாம்பல் நிறத் தோல். எலும்புக்கூடு பெரும்பாலும் குருத்தெலும்பு. வால் பார்ப்பதற்குச் சுறாவின் வாலைப் போலிருக்கும். ஆனால் இது சுறாவின் இனமன்று. விலையுயர்ந்த சினைக்குப் பேர்போன ஸ்டர்ஜன் மீனின் நெருங்கிய உறவு.

அந்த மூக்கால் ஆற்றுச் சேற்றைக் கிளறி இரை தேடுகிறது என்றுதான் முற்காலத்தில் நினைத்தார்கள். ஆராய்ந்து பார்த்தபோது உண்மை வேறாக இருந்தது. மூக்கின் மேற்பரப்பிலும் தலையிலும் பல்லாயிரம் நுண்துளைகள் உள்ளன. நீரில் மிதந்து திரியும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுயிர்கள் வெளிப்படுத்தும் மிக நுண்ணிய மின்னதிர்வை அத்துளைகள் உணர்கின்றன. கலங்கிய நீரில் கண் பயன்படாதபோதும், எங்கே உணவு அடர்ந்திருக்கிறது என்பதை மூக்கே அறிவித்துவிடுகிறது. உடனே மீன் பெரிய வாயை அகலத் திறந்தபடி நீந்தும். நீர் செவுள் வழியே வெளியேறும். சிற்றுயிர்கள் செவுளிலுள்ள சல்லடையில் தங்கிவிடும். வளர்ந்த மீனுக்குப் பல் கிடையாது. நாற்பது கிலோ எடையுள்ள மீனும் நீரில் மிதக்கும் தூசு போன்ற உணவையே உண்டு வாழ்கிறது என்பதை எண்ணும்போது, படைத்தவனின் ஏற்பாட்டை வியக்காதிருக்க முடியாது.

இந்த மீன் குலம் மிகத் தொன்மையானது. கிளெண்டைவுக்குத் தென்கிழக்கே, வட டகோட்டாவின் தென்மேற்கு மூலையில், டானிஸ் என்று பெயரிடப்பட்ட அகழ்விடம் ஒன்றுண்டு. 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் ஒன்று பூமியில் மோதி டைனோசர்கள் அழிந்த வேளையில், திடீரென எழுந்த வெள்ளத்தில் புதைந்த துடுப்பு மீன்களும் ஸ்டர்ஜன்களும் அங்கே கல்லாகிக் கிடைத்துள்ளன. மோதலில் உருகித் தெறித்த கண்ணாடி மணிகள் அவற்றின் செவுள்களில் சிக்கியிருந்தன. அம்மீன்கள் மடிந்தது ஒரு வசந்தகாலத்தில் என்று, எலும்பின் வளர்ச்சி வரிகளைக் கொண்டு 2022ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் தெரிவித்தனர். அத்தகைய பேரழிவைக் கடந்து வந்த குலம் இது.

கரையில் நடப்பது

இரையைக் கடிக்காத மீனைத் தூண்டிலால் பிடிப்பது எப்படி? அதற்குக் கண்ட வழிதான் கொளுவி இழுத்தல். பத்தடி அளவுள்ள உறுதியான கழி; தடித்த நரம்பு; அதன் நுனியில் கனமான ஈயக்குண்டு; அதற்குச் சற்று மேலே மூன்று கவருள்ள பெரிய தூண்டில் முள். இரை எதுவும் கோப்பதில்லை. ஈயத்தின் கனத்தால் முள்ளை ஆற்றின் நடுப்பகுதி வரை வீசி, அது அடியில் இறங்கியதும் கழியைப் பின்னோக்கி வேகமாக இழுக்கவேண்டும். தளர்ந்த நரம்பைச் சுற்றிக்கொண்டு மீண்டும் இழுக்கவேண்டும். முள் கரைக்கு வந்து சேர்ந்ததும் மீண்டும் வீசவேண்டும். கலங்கிய நீரில் எதுவும் தெரியாது. அடியில் அணிவகுத்து நிற்கும் மீன்களில் ஒன்றன் மேல் முள் பாய்ந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

சிலருக்கு முதல் வீச்சிலேயே கிட்டிவிடுகிறது. சிலர் நாள் முழுவதும் தோள் வலிக்க இழுத்தும் வெறுங்கையோடு திரும்புகின்றனர். முள் பாய்ந்துவிட்டாலோ பெரும் போராட்டம் தொடங்கும். ஆற்றின் வேகமும் மீனின் கனமும் சேர்ந்து இழுக்க, கழியைப் பிடித்தவர் கரையோரமாகவே ஓடவேண்டியிருக்கும். அக்கம்பக்கத்தார் தங்கள் நரம்புகளைச் சுருட்டிக்கொண்டு வழிவிடுவார்கள். முன்பின் அறியாதவர்கூட நீரில் இறங்கி, களைத்து வந்த மீனைக் கரையேற்ற உதவுவார்.

இதைக் காணும் நம்மவருக்கு ஒரு நெருடல் தோன்றக்கூடும். விரும்பி வந்து இரையைக் கவ்வும் மீனைப் பிடிப்பது ஒன்று. ஒன்றும் அறியாமல் நீந்தும் மீனின் விலாவில் முள்ளைப் பாய்ச்சி இழுப்பது வேறொன்றன்றோ? அமெரிக்காவிலேயே பெரும்பாலான மீன் வகைகளுக்கு இந்த முறை தடை செய்யப்பட்டுள்ளது. இந்த மீனுக்கு மட்டும் விலக்களித்ததற்குக் காரணம், கழி கொண்டு பிடிக்க வேறு வழி இல்லை என்பதே. அவ்வாறு விலக்களித்தவர்கள் அதனை வரையறையின்றி விட்டுவிடவில்லை.

ஒருவருக்கு ஒரு மீன்

மோன்டானாவில் துடுப்பு மீன் பிடிக்க விரும்புவோர் அதற்கென ஓர் அடையாள வில்லையை வாங்கவேண்டும். ஆண்டுக்கு ஒருவருக்கு ஒன்றே. மீனைக் கரையேற்றிய உடனேயே அந்த வில்லையை அதன் உடலில் கட்டிவிடவேண்டும். கட்டியபின் அவருடைய அந்த ஆண்டு வேட்டை முடிந்தது. எடுத்துச் செல்வதற்கென்று குறித்த நாட்களில், பிடித்த மீன் சிறியதாயிற்றே, திரும்ப விட்டுவிட்டுப் பெரியதைத் தேடுவோம் என்று ஆசைப்படவும் இடமில்லை. கிடைத்ததே பங்கு. பிடித்து விடுவிப்பதற்கென்று தனி நாட்கள் ஒதுக்குவதுண்டு. அந்நாட்களில் எதையும் எடுத்துச் செல்லக் கூடாது.

இதற்கும் மேலே மொத்த வரம்பு ஒன்றுண்டு. யெல்லோஸ்டோன் பகுதி மீன்கள் மோன்டானா, வட டகோட்டா ஆகிய இரு மாநிலங்களுக்கும் பொதுவானவை. ஆகவே இரு தரப்பும் கூடிப் பேசி, ஆண்டுக்குத் தலைக்கு ஆயிரம் மீன் என்னும் அளவில் வரம்பு வகுத்துக்கொண்டன. பருவம் மே 15இல் தொடங்குவது இன்ட்டேக் கரையின் வழக்கம். ஏட்டளவில் அது ஜூன் இறுதி வரை நீளும். ஆனால் ஒவ்வொரு மீனையும் அன்றன்றே எண்ணி வரும் அதிகாரிகள், எண்ணிக்கை வரம்பை நெருங்கியதும் பருவத்தை முடித்துவிடுவார்கள். குறித்த கடைசி நாளுக்கு வெகு முன்பாகவே ஆறு மூடப்பட்ட ஆண்டுகள் பல.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? இந்த மீன் மெல்ல வளர்வது. இப்பகுதியில் ஆண் மீன் முதிர்ச்சி பெறப் பத்து ஆண்டுகள் அளவுக்கு ஆகும். பெண் மீனோ பதினைந்து வயதைக் கடந்த பின்னரே முதன்முதலாகச் சினை கொள்ளும். அதன் பின்னும் ஆண்டுதோறும் முட்டையிடுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் இடைவெளி விடும். ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடிய மீன் இது. இன்று கரையேறும் ஒரு பெண் மீனின் இடத்தை நிரப்ப, இன்று பொரிக்கும் குஞ்சு அடுத்த தலைமுறை வரை பிழைத்திருக்கவேண்டும்.

மீன் ஆயும் கொட்டகை

இன்ட்டேக் கரையில் நாம் காணும் சிறப்பான ஏற்பாடு, அங்குள்ள மீன் ஆயும் கொட்டகை. பிடித்த மீனை அங்கே கொண்டுசென்றால் கூலி வாங்காமல் ஆய்ந்து, துண்டு போட்டுக் கொடுப்பார்கள். பெண் மீனாயின் அதன் சினையை மட்டும் மீன் பிடித்தவர் நன்கொடையாக விட்டுவிடுகிறார். கறி அவருக்கு; சினை ஊருக்கு.

கிளெண்டைவ் வணிகர் சங்கம் 1990களின் தொடக்கத்திலிருந்து இந்தத் திட்டத்தை நடத்தி வந்திருக்கிறது. சினையைச் சல்லடையில் மெல்லத் தேய்த்துச் சவ்விலிருந்து பிரித்து, குளிர்ந்த நீரில் அலசி, வடிகட்டி, அளவாக உப்பிட்டுப் பதப்படுத்துகின்றனர். சாம்பலும் கருமையும் கலந்த முத்துப் போன்ற அந்தச் சினைக்குக் கேவியர் என்று பெயர். செல்வர் வீட்டு விருந்துகளில் அது உயர்ந்த விலைக்குப் போகும். கிடைத்த வருவாயில் ஒரு பகுதி ஊர்ப் பொதுப் பணிகளுக்கும், மற்றொரு பகுதி மீன் வளத்துறையின் ஆய்வுகளுக்கும் சென்றது. 1993இல் வட டகோட்டாவும் இதே முறையைப் பின்பற்றத் தொடங்கியது.

கொட்டகையில் நடக்கும் மற்றொரு வேலை, கணக்கெடுப்பு. ஒவ்வொரு மீனின் நீளமும் எடையும் பாலினமும் பதியப்படுகின்றன. கீழ்த்தாடை எலும்பில் ஒரு துண்டை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதை மெல்லிய சீவலாக அறுத்து நோக்கினால், மரத்தின் குறுக்குவெட்டில் தெரிவது போன்ற வளையங்கள் தெரியும். வளையங்களை எண்ணினால் வயது தெரியும். ஆக, வேட்டையாட வந்தவரே அறியாமல் ஆய்வுக்கும் துணை நிற்கிறார்.

அடுப்படிக்கு வரும்போது

இந்த மீனைச் சமைப்பதைவிட ஆய்வதில்தான் திறமை வேண்டும். கரையேற்றியதும் செவுளை அறுத்து இரத்தத்தை வடியவிட்டு, பனிக்கட்டியில் வைத்துவிடவேண்டும். வெயிலில் கிடந்தால் சதை விரைவில் கெடும். தலையையும் குடலையும் நீக்கிய பின், வால் அருகே தோலையும் சதையையும் சுற்றிலும் கீறி, வாலைத் திருகி இழுத்தால், முதுகின் நடுவே ஓடும் வெள்ளை நிற நாண் முழுநீளத்துக்கும் உருவிக்கொண்டு வரும். முதுகெலும்பின் இடத்தில் இந்த மீனுக்கு இருப்பது ரப்பர் குழாய் போன்ற இந்த நாணே. அதை இடையில் அறுபடாமல் உருவிவிடுவது நல்லது.

அடுத்தது தோல். அதை உரித்ததும் வெள்ளைச் சதையின் மேல் செந்நிறச் சதை பட்டையாகப் படர்ந்திருக்கும்; மஞ்சள் கொழுப்பும் இருக்கும். இவற்றை ஒட்டச் சீவி எறிந்துவிடவேண்டும். சேற்று வாடையும் கசப்பும் தங்குவது இந்தச் செஞ்சதையிலும் கொழுப்பிலுமே. இதைச் சோம்பலால் விட்டுவிடுபவர்களே இந்த மீன் சுவையற்றது என்று குறை கூறுவார்கள். சுத்தமாகச் சீவியபின் எஞ்சுவது முள்ளே இல்லாத, கெட்டியான வெள்ளைச் சதை. சிலர் அதை உப்பு நீரிலோ பாலிலோ சிறிது நேரம் ஊறவைப்பதுண்டு.

அங்குள்ளவர்கள் விரலளவு துண்டுகளாக்கி, சோளமாவில் புரட்டி எண்ணெயில் பொரிப்பார்கள். கனமான துண்டுகளைத் தணலில் வாட்டுவார்கள். உப்பிலிட்டுப் புகையில் பதப்படுத்துவார்கள். கொதிநீரில் வேகவைத்து, உருக்கிய வெண்ணெயில் தோய்த்தும் உண்பார்கள். சதை எளிதில் உதிராதாகையால், மஞ்சளும் மிளகாயும் தடவிப் பொரிப்பதற்கும், புளி கரைத்த குழம்பில் இடுவதற்கும் ஏற்றது. முள் இல்லாமையால் குழந்தைகளுக்கும் அச்சமின்றிக் கொடுக்கலாம்.

செதில் இல்லாத மீன் ஆயிற்றே என்ற ஐயம் நம் இல்லங்களில் எழக்கூடும். யூதர்களின் சட்டமும் ஜஃபரி மத்ஹபும் செதிலை நிபந்தனையாகக் கொள்கின்றன. தமிழ் முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் மீனுக்கு அந்த நிபந்தனை இல்லை. கவனம் வேண்டியது மீனில் அன்று, பொரிக்கும் முறையில். அந்நாட்டு உணவு விடுதிகளில் மீனைத் தோய்க்கும் மாவில் பியர் கலப்பது பரவலான வழக்கம். சில இடங்களில் பன்றிக் கொழுப்பில் பொரிப்பதும் உண்டு. ஆகவே வெளியில் உண்பவர் விசாரித்து உண்பதே தக்கது.

இரு ஆறுகள் கூடுமிடம்

கிளெண்டைவிலிருந்து ஆற்றின் போக்கிலேயே வடகிழக்காகச் சென்றால், யெல்லோஸ்டோனும் மிசௌரியும் கூடுமிடம் வரும். வட டகோட்டா மாநிலத்தார் மீன் பிடிக்கும் துறை இதுவே. அதற்கு அப்பால் வில்லிஸ்டன் நகரம். அதன் கீழே சகாகவியா ஏரி என்னும் மாபெரும் நீர்த்தேக்கம் விரிகிறது. அது பழங்குடிப் பெண்மணி ஒருவரின் பெயர். 1953இல் கேரிசன் அணை மிசௌரியை மறித்ததால் உருவானது அந்த ஏரி.

அணை இந்த மீனுக்கு இருவகையில் அமைந்தது. ஏரியில் தேங்கிய நீரில் சிற்றுயிர்கள் பெருகியதால் குஞ்சுகள் கொழுத்து வளர்ந்தன. இப்பகுதியில் அரிதாகிவிட்டதாகக் கருதப்பட்ட துடுப்பு மீன் 1962இல் இன்ட்டேக்கில் தூண்டில் முள்ளில் சிக்கியது. அன்றிலிருந்துதான் இந்த வேட்டையே தோன்றியது. ஆனால் ஏரி முட்டையிடும் இடமன்று. முட்டையிடச் சரளைக்கற்கள் நிறைந்த ஆற்றுப்படுகையும் பெருகி வரும் வெள்ளமும் வேண்டும். அவை யெல்லோஸ்டோனில் எஞ்சியிருப்பதால்தான் அம்மீன் பிழைத்திருக்கிறது. அப்படியும் குஞ்சுகள் நிறையப் பிழைக்கும் ஆண்டு அரிதாகவே வாய்க்கிறது. 1995ஆம் ஆண்டு அவ்வாறு வாய்த்த ஒன்று.

இன்ட்டேக்கின் பழைய தடையும் தளர்ந்துள்ளது. அழிவின் விளிம்பிலுள்ள வெளிர் ஸ்டர்ஜன் மீனுக்காக, தடுப்பணையைச் சுற்றிச் செல்லும் ஒரு பக்கக் கால்வாய் 2022இல் திறந்துவிடப்பட்டது. வாய்க்காலுக்கு நீரும் குறையாமல், மீனுக்கு வழியும் மறிபடாமல் செய்த ஏற்பாடு அது.

வில்லிஸ்டனிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் செல்லும் முஸ்லிம் பயணி, ராஸ் என்னும் குக்கிராமத்தில் வண்டியை நிறுத்தத் தவறக் கூடாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியா, லெபனான் பகுதிகளிலிருந்து வந்து இந்தப் புல்வெளியை உழுத முஸ்லிம் குடும்பங்கள், 1929இல் இங்கே ஒரு பள்ளிவாசல் எழுப்பின. அமெரிக்க மண்ணில் பள்ளிவாசலுக்கென்றே கட்டப்பட்ட மிகப் பழைய கட்டடங்களுள் அது ஒன்று. வறட்சியும் வறுமையும் குடும்பங்களைச் சிதறடித்தன. பாழடைந்த அக்கட்டடம் 1970களின் இறுதியில் இடிக்கப்பட்டது. கபுறுஸ்தான் மட்டும் நிலைத்தது. 2005இல் அவர்களின் வழித்தோன்றல்கள் அதன் அருகே சிறியதொரு பள்ளிவாசலை மீண்டும் எழுப்பினர். பேணுவார் இருந்தால் மறைந்ததும் மீளும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

ஓசேஜ் ஆற்றில் நடந்தது

மிசௌரி ஆறு தெற்கே நெடுந்தொலைவு ஓடித் தன் பெயரையே தாங்கிய மிசௌரி மாநிலத்தை அடைகிறது. அங்கே அதனோடு கலக்கும் ஓசேஜ் ஆறும் துடுப்பு மீனுக்குப் புகழ் பெற்றது. மார்ச் 15 முதல் ஏப்ரல் 30 வரை அங்கே பருவம். வார்சா என்னும் சிற்றூரில் அந்நாட்களில் படகுகள் நிறைந்திருக்கும். 1997இல் அம்மாநிலம் இந்த மீனைத் தன் நீர்வாழ் உயிரினச் சின்னமாக அறிவித்தது. 2024 மார்ச்சில் அங்குள்ள ஓசார்க்ஸ் ஏரியில் 164 பவுண்டு 13 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 75 கிலோ எடையுள்ள மீன் ஒன்று பிடிபட்டது.

ஆனால் ஓசேஜில் யெல்லோஸ்டோனின் வெள்ளம் இல்லை. 1931இல் பேக்னல் அணையும், 1979இல் ட்ரூமன் அணையும் அந்த ஆற்றை ஏரிகளாக்கின. முட்டையிடும் சரளைத் திட்டுகள் நீருக்கடியில் மூழ்கின. இன்று அங்கே பிடிபடும் மீன்களில் பெரும்பாலானவை அரசின் குஞ்சுப் பண்ணையில் பொரித்து வளர்க்கப்பட்டு, ஏரியில் விடப்பட்டவை. மனிதன் ஓராண்டு கைவிட்டாலும் அதன் விளைவு பத்தாண்டு கழித்துத் தெரியும்.

அப்படி வளர்த்த மீனுக்கும் பேராசை பகையாய் வந்தது. சோவியத் ஒன்றியம் சிதைந்தபின் காஸ்பியன் கடலில் ஸ்டர்ஜன் மீன்கள் வரைமுறையின்றிக் கொல்லப்பட்டு அருகின. கேவியர் வணிகர்களின் பார்வை அமெரிக்க ஆறுகளின் மேல் திரும்பியது. பெண் மீனின் வயிற்றைக் கிழித்துச் சினையை மட்டும் எடுத்துக்கொண்டு உடலை எறிந்துவிட்டுப் போகும் கள்ள வேட்டைக்காரர்கள் தோன்றினர். மாநில அதிகாரிகளும் நடுவண் அரசு அதிகாரிகளும் வார்சாவில் மாறுவேடத்தில் ஈராண்டு தங்கி வேவு பார்த்து, 2013 மார்ச்சில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மீது நடவடிக்கை எடுத்தனர். ஒரு கரையில் ஊருக்குப் பயன்பட்ட அதே சினை, மற்றொரு கரையில் திருட்டுக்குக் காரணமாயிற்று. பொருள் ஒன்றே, எடுத்த முறைதான் வேறு.

யாங்சியின் பாடம்

துடுப்பு மீன் குலத்தில் நம் காலம் வரை வாழ்ந்தவை இரண்டே இனங்கள். ஒன்று அமெரிக்காவில், மற்றொன்று சீனத்தின் யாங்சி ஆற்றில். சீனத்து மீன் அமெரிக்க மீனைவிடப் பன்மடங்கு பெரியது. அளவு மீறிய மீன்பிடிப்பால் அது குறைந்தது. 1981இல் கெச்சௌபா அணை ஆற்றை மறித்தபோது, முட்டையிடும் இடத்துக்கும் அதற்கும் இடையே சுவர் எழுந்தது. 2003ஆம் ஆண்டு ஜனவரியில் உயிரோடு ஒரு மீன் காணப்பட்டது. அதுவே கடைசி. 2022இல் அந்த இனம் அற்றுப்போயிற்று என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அறிவித்தது.

விண்கல்லின் பேரழிவைத் தாண்டி வந்த குலத்தின் ஒரு கிளை, ஒரு மனித ஆயுளுக்குள் முடிந்துவிட்டது. எஞ்சிய கிளை இன்று நீந்துவது அதை உண்போரின் கட்டுப்பாட்டை நம்பித்தான். உண்ணக் கொடுக்கப்பட்டது உரிமை மட்டுமன்று, அமானிதமும் ஆகும் என்பதை நம் மார்க்கம் நமக்குப் போதித்திருக்கிறது. அந்தச் சொல்லை அறியாத ஓர் ஊரார், ஒரு மீனின் பொருட்டு அதை நடைமுறையில் செய்து காட்டுகிறார்கள்.

இன்ட்டேக் கரையில் எண்ணிக்கை நிறைந்துவிட்டதாக அறிவிப்பு வெளியானதும் கழிகள் மடக்கப்படுகின்றன. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வந்தவரின் சட்டைப் பையில் அந்த ஆண்டுக்கான வில்லை கட்டப்படாமலே இருக்கும். அணையடியில் மீன்களும் இருக்கும். எனினும் அவர் வண்டியேறி வீடு திரும்புகிறார். அந்த மீன்கள் ஆற்றை எதிர்த்து மேலே செல்கின்றன.